‘லூனார் லேக் வரட்டும்’

“லேப்டாப் வாங்கிட்டியால?” என்று கேட்காத சொந்தக்காரர் ஆத்தூரில் எனக்கு ஒருவரும் இல்லை. “இல்ல சித்தப்பா, புது சிப்பு ஒண்ணு வருது, வந்ததும் வாங்கணும்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டே சித்தப்பா சிரிப்பார். இப்போது யாரும் கேட்பதில்லை. நானாகத்தான் ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து, “ஒரு கையால தூக்கிப் பாருங்க, அடியில சூடு இருக்கா தொட்டுப் பாருங்க, சத்தம் கேக்கா பாருங்க” என்று அளந்துகொண்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் ஆட்கள் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கியதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாங்கியது அசுஸ் ஜென்புக் எஸ் 14. உள்ளே இருப்பது இன்டெல் கோர் அல்ட்ரா 7 258வி. லூனார் லேக் என்ற குறிப்பெயரில் வந்த செயலிக் குடும்பம். எடை 1.2 கிலோ, பேட்டரி 72 வாட்-அவர், நினைவகம் 32 ஜிபி. இந்த எண்களைப் படித்துவிட்டு “சரி, இருக்கட்டும்” என்று நீங்கள் தாண்டிப் போய்விடலாம். போக விடமாட்டேன்!

என் பிழைப்பு தூத்துக்குடித் துறைமுகத்தில். கப்பலில் ஏறுகிற வேலையில்லை, சரக்கு ஏறவும் இறங்கவும் வேண்டிய காகிதத்தைத் தயார் செய்கிற வேலை. சுங்க முகவர் அலுவலகம். எங்கள் பேச்சில் சி.ஹெச்.ஏ. ஆபீஸ். ஏற்றுமதி என்றால் ஷிப்பிங் பில், இறக்குமதி என்றால் பில் ஆஃப் என்ட்ரி. ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற முந்திரிக்கொட்டையோ, திருப்பூரிலிருந்து போகிற பனியனோ, எதுவானாலும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், செக்லிஸ்ட் என்று எக்ஸெல் தாள்களாக என் மடிக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் சரிபார்த்து, சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஏற்றி, டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து, பென் டிரைவ் போலிருக்கும் ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. இந்தக் குட்டிச் சாமானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு பெரிய முடிவை இதுதான் எடுக்கப்போகிறது.

ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போக திருச்செந்தூர் ரோட்டில் பஸ். ஆற்றுப் பாலம் தாண்டினால் முக்காணி, அப்புறம் பழையகாயல், முள்ளக்காடு, ஸ்பிக் நகர். வாழைத்தோட்டம் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் காற்றின் வாடையே மாறும். காலை நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். அலுவலகத்தில் கொடுத்திருந்த பழைய லேப்டாப், அதைவிடப் பெரிதாகத் தெரிகிற அதன் சார்ஜர், இரண்டையும் சுமந்துகொண்டு நின்றபடியே போனால் இறங்கும்போது தோளில் பை வாரின் தடம் பதிந்திருக்கும். கண்டெய்னர் யார்டில் நின்று ஏதாவது திருத்த வேண்டி வந்தால் முதல் வேலை பிளக் பாயிண்ட் தேடுவது. மே மாத வெயிலில் ஒரு நாள் அதன் ஃபேன் போட்ட சத்தத்தைக் கேட்டு, பக்கத்தில் நின்ற லாரி டிரைவர், “அண்ணாச்சி, அது கிளம்பப் போகுதா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

எனக்கு லேப்டாப் மேல் பித்துப் பிடித்தது அதற்கும் முன்னால். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளியில் ஒன்று கையில் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதன் பின்பக்கத்தைத் திறந்து, இது ரேம், இது ஹார்ட் டிஸ்க், இதுக்கு அடியில் செயலி என்று தெருப் பையன்களுக்குக் காட்டிய நாளிலிருந்து, செயலிச் செய்திகளைக் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற அக்கறையோடு பார்க்கத் தொடங்கினேன். எந்த வருஷம் எந்தச் சிப்பு, எத்தனை நானோமீட்டர், எத்தனை வாட் என்று ஒப்பிப்பேன். ஊரில் இதற்கு ஒரு மரியாதையும் கிடையாது.

காத்திருந்து வாங்குவதன் அருமையை எனக்குப் புரியவைத்தது 2017. நண்பன் ஒருவன் அந்த ஜூலையில் மெல்லிய லேப்டாப் ஒன்று வாங்கினான். ஏழாம் தலைமுறை, இரண்டு கோர். ஆகஸ்ட் 21-ஆம் தேதி இன்டெல் எட்டாம் தலைமுறையை அறிவித்தது. அதே 15 வாட் செயலியில் இரண்டுக்குப் பதில் நான்கு கோர்! மெல்லிய லேப்டாப்புகளில் அத்தனை காலமும் இரண்டிலேயே நின்றிருந்தது ஒரே நாளில் இரட்டிப்பானது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் ஏறக்குறைய அதே விலையில் கிடைத்திருக்கும். அவன் அந்த லேப்டாப்பை இன்றும் வைத்திருக்கிறான். நான் மட்டும் அதைப் பற்றி அவனிடம் பேசுவதில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் காத்திருக்க முடியுமா? முடியாது. செயலி வருஷத்துக்கு ஒன்று வரும். பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் மாறிய வருஷங்களும் உண்டு. இன்டெல் 2016-லேயே கொண்டுவருவதாகச் சொன்ன 10 நானோமீட்டர் சிப்பு லேப்டாப்புகளில் பெருமளவில் வந்தபோது 2019 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் ‘அடுத்தது வரட்டும்’ என்று இருந்தவனுக்கு வயது ஏறியதுதான் மிச்சம். ஆகவே எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்த நாள் 2020 நவம்பர் 10.

அன்றுதான் ஆப்பிள் எம்1 சிப்பைக் காட்டியது. 5 நானோமீட்டர், 1,600 கோடி டிரான்சிஸ்டர், எட்டு கோர். அதைப் போட்ட மேக்புக் ஏரில் ஃபேனே இல்லை! 1.29 கிலோ. இந்தியாவில் 92,900 ரூபாய். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்காரர் மேசையில் அதைத் தொட்டுப் பார்த்தேன். வீடியோ அழைப்பு ஒன்று வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது, அடிப்பக்கம் லேசான வெதுவெதுப்புதான். பேட்டரி குறைந்த மாதிரியே தெரியவில்லை. அன்று வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதே நினைப்பு.

அப்படியானால் அதையே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. கணக்குக்கு டாலி வேண்டும், டாலி விண்டோஸில் ஓடுவது. கையெழுத்து டோக்கனும் அதைச் சுற்றிய சில்லறை மென்பொருள்களும் விண்டோஸையே நம்பி நிற்பவை. வேலை ஒருபக்கம், ஆசை ஒருபக்கம். ஆகவே என் விரதம் இப்படி முடிவானது: விண்டோஸில், நான் ஏற்கனவே வைத்திருக்கிற எல்லா மென்பொருளும் ஓடுகிற எக்ஸ்86 செயலியில், அந்த எம்1-இன் குளிர்ச்சியும் அமைதியும் வரட்டும். வந்த அன்று வாங்குவேன்.

இதற்கு அடியில் இருக்கிற கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுலபம். 72 வாட்-அவர் பேட்டரி இருக்கிற லேப்டாப் சராசரியாக 12 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் 5 வாட் இழுத்தால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். நாம் லேப்டாப்பில் செய்கிற வேலையைக் கவனியுங்கள். ஓர் எண்ணைத் தட்டுகிறோம், யோசிக்கிறோம், பக்கத்தை நகர்த்துகிறோம், போன் வருகிறது, பேசுகிறோம். செயலியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த நேரத்தில் முக்கால்வாசி ஒன்றும் செய்யாத நேரம். அப்போது எவ்வளவு குறைவாகக் கரண்ட் குடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளம்பரத்தில் ஐந்து ஜிகாஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். சும்மா இருக்கத் தெரிந்த செயலிக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

2023 டிசம்பர் 14-ஆம் தேதி மீட்டியார் லேக் வெளிவந்தது. இன்டெல் சிப்பை ஒரே துண்டாகச் செய்வதை விட்டுவிட்டு, கணக்கிடுவதற்கு ஒரு துண்டு, கிராஃபிக்ஸுக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகச் செய்து ஒட்டிய லேப்டாப் செயலி. ஆகா, வந்துவிட்டது என்று துள்ளினேன். மூன்றாம் நாள் மழை பிடித்தது.

தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த மழையை யாரும் மறக்கமாட்டார்கள். டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர், எங்களுக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வாழைக்குள்ளும் கொடிக்காலுக்குள்ளும் பாய்ந்தது. ஏரல், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ரோடு இல்லை. அந்தச் சமயத்தில் லேப்டாப்பைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் தண்ணீர் கொஞ்சம் வடிந்து, அக்கம்பக்கத்தில் அழிந்த பயிருக்குக் கணக்கெழுதி மனுத் தயாரிக்க வந்து கேட்டார்கள். அலுவலக லேப்டாப்பைத் திறந்தேன். முதல் மனுவின் பாதியிலேயே பேட்டரி படுத்துவிட்டது. மீதியைக் கையால் எழுதினோம். கரண்ட் இல்லாத ஊரிலும் ஒரு பகல் முழுக்க ஓடாத லேப்டாப்புக்கு இனிமேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

ஜனவரியில் மீட்டியார் லேக் லேப்டாப்புகளைச் சோதித்தவர்களின் அறிக்கைகள் வரத் தொடங்கின. முன்னேற்றம் இருந்தது, நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆகவே பொறுத்தேன். சித்தப்பாவிடம் இன்டெல் வைக்கிற பெயர்களை வரிசையாகச் சொன்னேன்: ஸ்கைலேக், கேபி லேக், காபி லேக், ஐஸ் லேக், டைகர் லேக், ஆல்டர் லேக், ராப்டர் லேக், மீட்டியார் லேக், அடுத்தது லூனார் லேக். “எல்லாம் ஏரியாவே இருக்கே, எதுலயாவது தண்ணி கெடக்கா?” என்றார்.

எங்கள் கரையில் இப்படிப் பொறுத்திருப்பது புதிதும் இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலுக்குள் நினைத்த அன்று இறங்கிவிட மாட்டார்கள். மன்னார் வளைகுடாவில் சிப்பி விளைகிற இடங்களைப் பார் என்பார்கள். ஒவ்வொரு பாராகப் போய்ப் பார்த்து, மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துவந்து, அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, நல்ல விளைச்சல் என்றால்தான் குளிப்புக்கு நாள் அறிவிப்பார்கள். சிப்பிக்கு நாலைந்து வயதாவது ஆக வேண்டும். அவசரப்பட்டால் முத்து பொடியாக இருக்கும், ரொம்பத் தாமதித்தால் சிப்பி செத்து முத்து கடலோடு போய்விடும். பல வருஷம் குளிப்பே இல்லாமல் போனதுண்டு. தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு நடந்தது 1961-இல். செயலி அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போதெல்லாம் அந்த மாதிரிச் சிப்பிகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். கம்பெனி மேடையில் காட்டுகிற படத்தை நம்பக் கூடாது. கடைக்கு வந்த லேப்டாப்பை வேறொருவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்துச் சொன்ன கணக்குதான் கணக்கு.

2024 ஜூன் எனக்குத் திருவிழா மாதம். 4-ஆம் தேதி தைப்பேயில் கம்ப்யூடெக்ஸ் மேடையில் இன்டெல் லூனார் லேக்கின் உள்கட்டமைப்பைப் பிரித்துக் காட்டியது. 18-ஆம் தேதி குவால்காம் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் விற்பனைக்கே வந்துவிட்டன. பன்னிரண்டு கோர், ஆர்ம் வகைச் செயலி, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. கையில் காசு இருந்தது, மனசு துடித்தது. தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக் கடைக்காரரும், “சார், இதைவிட என்ன வேணும் உங்களுக்கு?” என்று விலைப்பட்டியலை நீட்டினார்.

இந்த இடத்தில்தான் அந்தக் குட்டிச் சாமான் பேசியது. ஆர்ம் விண்டோஸில் பழைய எக்ஸ்86 மென்பொருள்களை மொழிமாற்றி ஓட்டுவதற்கு ஏற்பாடு இருக்கிறது, நன்றாகவே ஓட்டுகிறது. ஆனால் அந்த ஏற்பாடு டிரைவர்களுக்குச் செல்லாது. டோக்கனோ, பழைய பிரிண்டரோ, ஸ்கேனரோ, அதற்கான டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். என் டோக்கனுக்கு அப்போது அப்படி ஒன்று இல்லை. மற்ற எல்லாம் பறந்து, கையெழுத்து மட்டும் விழவில்லை என்றால் சரக்கு யார்டிலேயே கிடக்கும். கப்பல் எனக்காக நிற்காது. கடைக்காரரிடம், “லூனார் லேக் வரட்டும்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, பெர்லின். லூனார் லேக் அறிமுகமானது. 24-ஆம் தேதி முதல் விற்பனை. அறிக்கைகள் வர வர நான் தரையில் இல்லை!

அப்படி என்ன செய்துவிட்டார்கள்? முதலாவது, தங்கள் கௌரவத்தை ஓரமாகத் தூக்கி வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தன் சிப்பைத் தானே வார்த்த கம்பெனி, இந்தச் செயலியின் உயிர்ப்பகுதியை தைவானின் டிஎஸ்எம்சியிடம் கொடுத்து 3 நானோமீட்டர் முறையில் வார்க்கச் சொன்னது. துண்டுகளை அடுக்கி ஒட்டும் வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. இரண்டாவது, ரேமைப் பலகையில் வேறு ஒரு மூலையில் வைக்காமல், செயலியின் பொதிக்குள்ளேயே கொண்டுவந்து உட்காரவைத்தது. 16 ஜிபி அல்லது 32 ஜிபி, இரண்டே வகை. தகவல் போய்வருகிற தூரம் மில்லிமீட்டர்களாகச் சுருங்க, அதைக் கடத்துகிற மின்செலவும் சுருங்கியது. பலகையிலும் இடம் மிச்சம், அந்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டு கோரில் நான்கு பெரியவை, நான்கு சிறியவை. சிறியவை நான்கையும் பெரியவற்றின் கூட்டத்திலிருந்து பிரித்து, தனித்தீவாகக் குடிவைத்தார்கள். பிரவுசர், எக்ஸெல், வீடியோ அழைப்பு மாதிரியான அன்றாட வேலைகளை அந்தத் தீவே பார்த்துக்கொள்ளும், பெரியவற்றை எழுப்பவே வேண்டியதில்லை. செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவில் 8 எம்பி தற்காலிகச் சேமிப்பு ஒன்று உண்டு. அடிக்கடி வேண்டியதை அங்கேயே எடுத்துக்கொண்டால் ரேமையும் எழுப்ப வேண்டாம். யாரையும் தேவையில்லாமல் எழுப்பாதே என்பதுதான் முழுத் திட்டமும். 2002-லிருந்து இன்டெல் பெருமையடித்துக்கொண்டிருந்த ஹைப்பர்திரெடிங்கையும் கழற்றி வீசிவிட்டார்கள். எட்டு கோர், எட்டே இழை. அடிப்படை மின்அளவு 17 வாட்.

2025 பொங்கலுக்கு முன் வாங்கினேன். விலை ஒன்றரை லட்சத்தைத் தொடாமல், ஆனால் எட்டிப் பார்த்தபடி. என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை, மறைக்கவில்லை. வீட்டில் பில்லைப் பார்த்துவிட்டு, “இதுல சமைக்கவும் செய்யலாமா?” என்று கேட்டார்கள்.

பெட்டியைத் திறந்தேன். மூடிமேல் கை வைத்தால் வழவழப்பான தகரம் மாதிரி இல்லை, மெல்லிய சொரசொரப்பு. அலுமினியத்தின் மேல்தோலையே பீங்கான் தன்மைக்கு மாற்றுகிற ஒரு முறை, அசுஸ் அதற்கு செராலுமினம் என்று பெயர் வைத்திருக்கிறது. வியர்வைக் கையோடு பிடித்தாலும் ரேகை விழவில்லை. ஓரத்தில் பழைய பாணி யுஎஸ்பி துளை ஒன்று இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. டோக்கனைச் செருகினேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன், கையெழுத்து விழுந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் கத்திவிட்டேன், அடுத்த அறையிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

பெட்டியில் அச்சிட்ட எடையை நான் நம்புகிற ஆள் இல்லை. தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், “அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க” என்றேன். அவர் தராசுத் தட்டிலிருந்த துவரம்பருப்பு மணிகளைத் துணியால் துடைத்து, தட்டில் ஒரு செய்தித்தாளை விரித்து, லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார். சிவப்பு எண் ஆடி ஆடி 1.2 பக்கத்தில் வந்து நின்றது. “ஒண்ணேகால் கிலோ சீனியவிடக் கம்மி” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கப் போய்விட்டார்.

இப்போது என் நாள் எப்படி என்று கேளுங்கள். காலையில் முழுச் சார்ஜோடு கிளம்புகிறேன். சார்ஜர் வீட்டிலேயே கிடக்கிறது, பையில் இடமே மாறிவிட்டது, டிபன் பாக்ஸ் சாயாமல் நிற்கிறது! பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் முள்ளக்காடு வருவதற்குள் ஒரு செக்லிஸ்ட் முடித்துவிடுவேன். யார்டில் நின்றபடி இடது முன்கையில் தட்டு ஏந்துவதைப் போல ஏந்திக்கொண்டு வலது கையால் திருத்துகிறேன். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள பேக்கிங் லிஸ்டை வடிகட்டி, எடையைக் கூட்டி, பிடிஎஃப் ஆக்கும்போதும் ஃபேன் சத்தம் காதில் விழுவதில்லை. ஃபேன் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. ஒருநாள் ராத்திரி வேண்டுமென்றே ஒரு பெரிய வீடியோவை மாற்றக் கொடுத்தேன், அப்போதுதான் மெல்ல மூச்சு விட்டது. சாயங்காலம் திரும்பி ஆற்றுப் பாலம் ஏறுகையில் பார்த்தால், பகல் முழுக்க உழைத்த பிறகும் பேட்டரியில் மிச்சம் இருக்கிறது. ராத்திரி ஒரு படம் பார்க்கலாம். பார்க்கிறேன்!

மூடியைச் சாத்தினால் தூங்குகிறது, உண்மையாகவே தூங்குகிறது. பழையது பைக்குள் தானாக விழித்துக்கொண்டு கொதித்துப் போய்க் கிடக்கும். இது சனிக்கிழமை மூடிவைத்தால் திங்கள்கிழமை திறந்தவுடனே, விட்ட செல்லிலேயே கர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது. பேட்டரி ஒன்றிரண்டு சதவீதம்தான் இறங்கியிருக்கும்.

மேகம் திரண்டதும் கரண்ட் போகிற ஊர் எங்களுடையது. இப்போது கரண்ட் போனால் தெருவில் எல்லாரும் வாசலுக்கு வருகிறார்கள், நான் திண்ணையில் உட்கார்ந்து வேலையைத் தொடர்கிறேன். எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர் வியாபாரிகளுக்கு மெயில் எழுதித்தரச் சொல்லி கொடிக்கால்காரர்கள் வருவதுண்டு. லாந்தர் வெளிச்சத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். ஓஎல்இடி திரையில் கறுப்பு எழுத்து தமிழில் எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது தெரியுமா? ணகரத்தின் சுழி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

குறையே இல்லையா? இது எல்லாருக்குமான செயலி இல்லை. எட்டே இழை என்பதால், வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம் என்று எல்லாக் கோர்களையும் ஒன்றாகப் பிழிகிற வேலைக்கு ஏஎம்டியின் ரைசன் ஏஐ 300 வரிசை இதைத் தாண்டிப் போய்விடும். ரேமைப் பின்னால் கூட்ட வழியே கிடையாது, வாங்கும்போதே 32 எடுத்துவிட வேண்டும். 16 போதும் என்று சொல்கிறவர்கள் பிரவுசரில் இரண்டு டேப் மட்டும் திறக்கிற புண்ணியவான்கள். நொடிக்கு 47 லட்சம் கோடி கணக்குப் போடும் ஏஐ பிரிவு ஒன்றும் உள்ளே இருக்கிறது. இதுவரை வீடியோ அழைப்பில் எனக்குப் பின்னால் காயப்போட்ட துணியை மங்கலாக்கியதைத் தவிர அதற்கு நான் பெரிதாக வேலை கொடுத்ததில்லை.

இன்னொரு விஷயம் என்னைப் போன்ற பித்தர்களுக்கு மட்டும். 2024 அக்டோபர் கடைசியில், அப்போது இன்டெல் தலைவராக இருந்த பேட் கெல்சிங்கர், ரேமைச் செயலிப் பொதிக்குள் வைப்பது இந்த ஒரு தடவையோடு சரி, அடுத்த செயலிகளில் பழையபடி வெளியே வைப்போம் என்று சொல்லிவிட்டார். ரேமை வெளியிலிருந்து வாங்கிச் சேர்ப்பதில் கம்பெனிக்கு லாபம் குறைகிறதாம். ஒரு மாதத்தில் அவரே பதவியைவிட்டுப் போனார். ஆக, இன்டெல் இப்படி ஒரு செயலியை மறுபடி செய்யப்போவதில்லை. அது என் மடியில் இருக்கிறது. இந்தப் பெருமை இப்போதைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது, பரவாயில்லை.

2025 கடைசியில் ஒருநாள் அக்கா மகன் போன் செய்தான். சிவில் எஞ்சினீயரிங் படிக்கிறான், என் பித்து அவனுக்கும் தொற்றியிருக்கிறது. “மாமா, பாந்தர் லேக் வருதாம்லா, அரிசோனாவுல இன்டெல்லே வார்க்குதாம், 18ஏ முறையாம், பதினாறு கோர் வரைக்குமாம். அதுவரைக்கும் பொறுக்கட்டுமா?” அக்டோபரில் வெளியான அந்த விவரங்களை நானும் வரி விடாமல் படித்திருந்தேன். அவன் வேலைக்குப் பதினாறு கோர் உதவும்தான். ஆனால் அப்போது ஏஐ சர்வர்களுக்காக உலகத்து ரேமையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள், ரேம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. புதுச் செயலி வருகிறபோது அதைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாமும் சேர்ந்து விலை கூடியிருக்கும். அவனுடைய பழைய லேப்டாப்பில் வரைபடம் திறக்கவே டீ குடித்துவிட்டு வரலாம். “பொறுக்காதல. 32 ஜிபி போட்ட ரைசன் ஏதாவது தள்ளுபடியில கெடந்தா இந்த வாரமே எடு” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மாமா, நீங்களா சொல்லுதீங்க?” என்றான்.